நான்காவது குரல்

அந்தக் குரலை முதன்முதலில் கேட்டபோது வசுமதி ஒரு வெடிப்பலா மரத்தடியில் உட்கார்ந்து, கெண்டைக்காலில் ஏறியிருந்த அட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வானம் நிறுத்திவிட்டாலும் மழைக்காட்டில் மழை நிற்பதில்லை. உச்சி இலை நடு இலைக்குச் சொட்டும், நடு இலை பெரணிச் செடிக்குச் சொட்டும், பெரணி கழுத்துக்குள் சொட்டும். மேலே கருமந்திக் கூட்டம் ஒன்று முள்முள்ளான காய்களை உடைத்து விதையைத் தின்றுகொண்டிருந்தது. அப்போது பக்கத்து மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டி கத்தியது. சிறுத்தையைக் கண்டால் கருமந்தி கத்துகிற கத்தல் அது. எப்போதோ அவளே பதிவு செய்தது.

மரம் முழுக்கப் பதறி எழுந்திருக்க வேண்டும். தாய்கள் குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிளை தாண்டியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. கிழட்டு ஆண் ஒன்று மட்டும் வாயிலிருந்த விதையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, நாக்கை ஒரு தட்டுத் தட்டி, அடித்தொண்டையில் இரண்டு முறை கூவியது.

ட்டொக். ஹூ, ஹூ.

பிறகு விதையை மறுபடி வாயில் போட்டுக்கொண்டது.

வசுமதி அட்டையை மறந்துவிட்டாள். இந்த மந்திகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு நரை விழுந்திருந்தது. ஆபத்துக்கு அவற்றிடம் மூன்று குரல்கள் உண்டு. மேலே கழுகு வந்தால் ஒன்று. கீழே சிறுத்தை வந்தால் ஒன்று. பாம்பு ஊர்ந்தால் ஒன்று. மந்தி கத்தினால் மலையணில் புரிந்துகொள்ளும், மலையணில் கத்தினால் நாய்போல் குரைக்கும் சிறுமானான கேளையாடு புரிந்துகொள்ளும். ஒன்றின் பயத்தை மற்றொன்று நம்புவதால்தான் அந்தக் காடே உயிரோடு இருக்கிறது என்று அவள் நினைப்பாள். மனிதர்களைப் பற்றி அப்படி நினைக்க முடியாமல் போன ஒரு காலத்தில்தான் அவள் இந்த மலைக்கு வந்தாள்.

நான்காவதாக ஒரு குரலை அவள் கேட்டதே இல்லை.

அன்று மாலைக்குள் அதே குரலை ஒரு மலையணில் சொல்வதைக் கேட்டாள். மறுவாரம், எந்தக் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்லும் பறவையான துடுப்புவால் கரிச்சான் அதைப் பிடித்துக்கொண்டது. கரிச்சான் பிடித்துக்கொண்டால் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

---

"புதுசா ஏதோ ஒண்ணு வந்திருக்கு வசு" என்றான் கிரிதரன், போனில். கோயம்புத்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தப் பெட்டிகளை எல்லாம் நடத்துகிறவன் அவன்தான். குரலில் உற்சாகம் தெரிந்தது. "மூணு குரலுக்கும் அடங்காத ஒரு எதிரி. யோசிச்சுப் பாரு."

"காமிரால புதுசா எதுவும் விழலையே."

"பதுங்கத் தெரிஞ்சதா இருக்கும்."

"சத்தம் கேட்டு யாரும் ஓடலை, கிரி. அதான் எனக்கு இடிக்குது. சொல்லிட்டு மறுபடி திங்க ஆரம்பிச்சுடுதுங்க."

"அப்ப ரொம்ப மெதுவா வர்ற எதிரி" என்று சொல்லிச் சிரித்தான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு வெகுநேரம் அந்தச் சொற்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. மெதுவாக வருவது.

பெட்டிகள் வருவதற்கு முன்னால் நீர்க்கொல்லி எஸ்டேட்டில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு பயம் இருந்தது. காட்டை ஒட்டிய தேயிலைக்கு நடுவே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். அந்தி சாய்ந்தால் சிறுத்தை தேயிலைச் செடிகளுக்கு அடியில் வயிற்றை இழுத்துக்கொண்டு வரும். வாசலில் விளையாடும் பிள்ளையின் உயரமும் ஒரு கேளையாட்டின் உயரமும் அதற்கு ஒன்றுதான். காட்டு விலங்குகள் எல்லாம் பார்த்துக் கத்திக்கொண்டுதான் இருக்கும். மனிதர்களுக்குத்தான் அது புரியாது. புரிய வைக்கத்தான் வசுமதி வந்தாள். காட்டோரத்து மரங்களில் பெட்டிகள் ஏறின. பெட்டி காட்டின் கத்தலைக் கேட்கும். சிறுத்தை என்று புரிந்தால் லயத்து முனையில் இருக்கும் பச்சை விளக்கு சிவப்பாகும். அவ்வளவுதான்.

முதல் வருடம் விளக்கு நாளெல்லாம் சிவப்பாக எரிந்தது. காரணம் கரிச்சான். மற்றப் பறவைகள் பூச்சி பிடித்து வைத்திருக்கும் நேரம் பார்த்து, சிறுத்தை வந்த மாதிரி மந்திக் குரலில் கத்தும். எல்லாம் சிதறி ஓடினால், விட்டுவிட்டுப் போனதை எடுத்துத் தின்னும். பெட்டிக்கு இந்தத் திருட்டு தெரியவில்லை. கொழுந்து பறிப்பு நின்று நின்று போய், மேனேஜர் கத்தினார். பெண்கள் சிவப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் வசுமதிக்கு அந்த யோசனை வந்தது. சந்தேகம் வந்தால் காட்டையே கேட்டுவிட்டால் என்ன? ஒரு விலங்கு மட்டும் கத்தினால், பக்கத்துப் பெட்டி அதே கத்தலை ஒலிக்கட்டும். மற்றவை சேர்ந்து கத்தினால் சிறுத்தை உண்மை. சும்மா இருந்தால் பொய். அதற்குப் பிறகு பொய்யாகச் சிவப்பு எரிந்ததே இல்லை. மூன்று மழைக்காலம் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை. அவளுக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். லயத்துப் பெண்கள் இருட்டும்வரை பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு பொங்கினார்கள். எல்லைக்கல்லைத் தாண்டாதவரை விளக்கு பார்த்துக்கொள்ளும்.

---

அவளுடைய குவார்ட்டர்ஸ் முதல் லயத்தை ஒட்டி இருந்தது. மகள் பொழிலுக்கு ஏழு வயது. வசுமதி காட்டுக்குப் போகிற நாட்களில் தைனேஸ் அக்காவின் வீட்டில்தான் சோறும் தூக்கமும். தைனேஸ் கொழுந்து பறிப்பவள், வாய் ஓயாதவள்.

"உன் மகளுக்குக் காட்டுப் புத்தி வந்துருச்சு, வசும்மா" என்பாள். "கூப்பிட்டா வாயால பதில் சொல்ல மாட்டேங்குறா. டொக்கு டொக்குங்குறா. எங்க லயத்து வானரம் எல்லாமே அப்படித்தான் ஆகிப்போச்சு."

"விளையாட்டுக்கா."

"விளையாட்டுத்தான். சோத்துக்குக் கூப்பிடு, அப்பத் தெரியும் விளையாட்டு."

சோற்றுக்கு அழைக்க லயத்துத் தாய்களுக்கெல்லாம் ஒரே வழிதான் இருந்தது. வசுமதியும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். சமையலறை ஜன்னலிலிருந்து, "பொழிலு, சிறுத்தை வருது, ஓடி வா!" என்பாள். விளக்கு பச்சையாகவே இருக்கும். பொழில் ஆடி அசைந்து வருவாள். இதிலெல்லாம் என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். காட்டுக்குக் கிளம்பும்போது "இதோ வந்துட்டேன்" என்று சொல்வதும் அப்படித்தான். அப்பா மழை விட்டதும் வருவார் என்பதும் அப்படித்தான். பொழிலின் அப்பா ரகுநந்தன் வேறு ஊரில் வேறு வாழ்க்கையில் இருந்தான். மழை பலமுறை விட்டாகிவிட்டது. உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நாள் வரும் என்று வசுமதி காத்திருந்தாள். காத்திருப்பதைத்தான் பொறுமை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசி கடைசியில் காமிரா ஒரு படம் அனுப்பியது. பெட்டி கட்டியிருந்த கல்லித்தி மரத்தின் வேர்களுக்கு நடுவே ஒரு பெரிய ஆண் சிறுத்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் பெட்டியின் சிறு விளக்கு மினுங்கியது. மேல்கிளையில் ஓர் இருவாட்சி அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. படத்தில் எல்லாமே அமைதியாக இருந்தன. அழகான படம் என்று அவள் அதை எடுத்து வைத்துக்கொண்டாள்.

---

அடுத்த வாரம் ரோசலினைச் சிறுத்தை அடித்தது.

ரோசலின் தைனேஸின் தங்கை. ஐந்தாம் லயத்துக்குப் பின்னால் சுள்ளி பொறுக்கக் குனிந்திருந்தாள். அந்தி வெளிச்சம் இன்னும் போகவில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, மலைப்பாதை வளைவு ஒன்றில், உயிர் போய்விட்டது.

வசுமதி பெட்டியின் பதிவைத் திறந்து கேட்டாள். கேளையாடு அலறியிருந்தது. பெட்டி முறைப்படி காட்டைக் கேட்டிருந்தது. கிளைகளிலிருந்து பதிலும் வந்திருந்தது, வரிசையாக, அவசரமே இல்லாமல். ட்டொக், ஹூ, ஹூ. ட்டொக், ஹூ, ஹூ. கழுகுமில்லை, சிறுத்தையுமில்லை, பாம்புமில்லை. எனவே எந்திரம் 'மறுக்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டு, விளக்கைப் பச்சையிலேயே விட்டுவிட்டது.

"எந்திரத்துல தப்பு இல்லை" என்றான் கிரிதரன். இப்போது அவன் குரலில் உற்சாகம் இல்லை. "அது கேட்டிருக்கு. காடே இல்லைன்னு சொல்லியிருக்கு. நாம என்ன பண்ண முடியும்?"

"செத்தது ஒரு பொம்பளை, கிரி."

"தெரியுது. இப்ப நான் சொல்றதைக் கேளு. எல்லைக்கல்லைத் தாண்டிப் போயிட்டாங்கன்னு சொல்லு."

"தாண்டலை. செருப்பு இந்தப் பக்கம்தான் கிடந்துச்சு. நானே பார்த்தேன்."

"வசு, நான் நம்மைக் காப்பாத்திக்கறதுக்காக மட்டும் சொல்லலை. விளக்கு பொய் சொல்லுச்சுன்னு ஒரு தடவை அவங்க மனசுல விழுந்துட்டா, நாளைக்கு நிஜமா சிகப்பு எரியும்போது எவனும் உள்ள போக மாட்டான். அப்பச் சாகப் போறது யாரு? குழந்தைங்க. உன் குழந்தையும் அங்கதான் இருக்கு."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவன் சொன்னால் மறுத்துவிடலாம்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் தைனேஸ் உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. வசுமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது. வாயைத் திறந்தபோது கிரிதரனின் சொற்கள் வந்தன, அவளுடைய குரலில், மிருதுவாக.

"எல்லையைத் தாண்டிட்டாங்க போலக்கா."

தைனேஸ் திரும்பிப் பார்த்தாள். "உங்க பெட்டி அப்படியா சொல்லுது?"

"ஆமாக்கா."

"அவளுக்கு அந்தக் கல்லு தெரியும். அதுல உக்காந்துதான் வெத்தலை போடுவா." படங்கின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். "சரி. பெட்டி சொன்னாச் சரியாத்தான் இருக்கும், மேடம்."

வந்த நாளிலிருந்து தைனேஸ் அவளை மேடம் என்று அழைத்ததே இல்லை.

---

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பொழில் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ரோசலின் அத்தை லைட்டைப் பாக்காமப் போயிட்டாங்களாம்மா?"

"எல்லைக்கல்லைத் தாண்டிட்டாங்கடா."

பொழிலின் பென்சில் நின்றது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தாள்.

ட்டொக். ஹூ, ஹூ.

காட்டில் கேட்டதற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. வசுமதி பிள்ளையின் முன்னால் மெல்ல உட்கார்ந்தாள்.

"அது என்ன சத்தம், பொழில்?"

"எது?"

"இப்பச் சொன்னியே."

பொழில் கொஞ்சம் மிரண்டாள். "சும்மா."

"திட்ட மாட்டேன். அதுக்கு என்ன அர்த்தம்?"

"பெட்டி கத்துது, நீ பாட்டுக்குத் தின்னு. அதான் அர்த்தம்."

வெளியே சிள்வண்டுகள் ஒரே ராகமாக இரைந்துகொண்டிருந்தன. வசுமதி அந்த வாக்கியத்தை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. மந்திதான் சொல்லும். பெட்டி கத்தறதுக்கு முன்னாடி டொக்குனு ஒரு சத்தம் வரும்ல? உனக்குத் தெரியாது? நெசமாவே தெரியாதா? அந்த டொக்கைச் சொல்லிட்டு ஹூ ஹூனு சொல்லும். குட்டி மந்தி பயந்துச்சுன்னா அம்மா மந்தி அதுகிட்டச் சொல்லும். பொய்யி, பயப்படாதேன்னு."

ஒலிபெருக்கி உயிர் பெறும்போது வரும் சிறு சொடுக்கு. சொடுக்குதானே என்று அதை யாரும் சரிசெய்யவில்லை. எந்திரம் பேசுவதற்கு முன் நாக்கைத் தட்டுகிறது. காடு அதையே அதற்குப் பெயராக வைத்துவிட்டது.

"லயத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் இது தெரியுமா?"

"ஓ. ஜோயல் பரோட்டா வாங்கித் தரேன்னு புளுகுவான்ல, அப்ப எல்லாரும் சேந்து சொல்லுவோம். ஆனா க்ராக் மட்டும் விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது. சொன்னா ஆட்டத்துல சேத்துக்க மாட்டோம்."

க்ராக் என்பது மந்தியின் சிறுத்தைக் குரல். "யாரு போட்ட விதி அது?"

"யாரும் போடல. அதைச் சும்மா சொல்லக் கூடாதும்மா."

ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

"இப்ப எதுக்கு எங்கிட்ட அந்தச் சத்தம் போட்டே?"

பொழில் மறுபடி பென்சிலை எடுத்தாள். தாளில் வரைந்திருந்த மரத்துக்கு இன்னொரு கிளை போட்டாள். பிறகு, "அத்தை செருப்பு கல்லுக்கு இந்தப் பக்கம்தான் கிடந்துச்சு. நாங்கல்லாம் பாத்தோம்" என்றாள். "முன்னாடியும் சொல்லியிருக்கேன். அப்பா மழை விட்டதும் வருவாருன்னு சொல்லுவல்ல. அப்பச் சொல்லுவேன். உனக்குக் கேக்காம, வாய்க்குள்ள."

---

அந்த இரவு முழுக்க வசுமதி பழைய படங்களைப் புரட்டினாள். அவற்றில் ஒரு வரிசை இருந்தது. இத்தனை நாள் அவள் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு படத்திலும் அதே ஆண் சிறுத்தை, ஒவ்வொரு பெட்டி மரத்தின் அடியிலும். சில படங்களில் தூங்கியது. சிலவற்றில் இரையை வைத்துக்கொண்டு நிதானமாகத் தின்றது. பெட்டி இருக்கும் இடத்தில் காடு வாயை மூடிக்கொள்கிறது என்று அது கண்டுபிடித்துவிட்டது. அங்கே ஒரு மந்தி உண்மையாகவே அலறினாலும், உடனே பக்கத்துப் பெட்டி டொக் என்று தொடங்கி அதே அலறலைத் திருப்பிச் சொல்லும். பிறகு யார் நம்புவார்கள்? உண்மையான அலறலும் பெட்டியோடு சேர்ந்து பொய்யாகிவிடும். சிறுத்தைக்கு வேண்டியது அந்தச் சில நிமிடங்கள்தான்.

காட்டைக் கேட்கிறோம் என்று நினைத்தாள். காட்டின் காதில் அது கேள்வியாக விழவே இல்லை. சிறுத்தை, சிறுத்தை என்று ஒரு நாளைக்குப் பல தடவை பொய் சொல்லியிருக்கிறாள், மூன்று மழைக்காலமாக.

"கேள்வியை மட்டுமாவது நிறுத்திடறேன், கிரி" என்றாள் காலையில்.

"நிறுத்தினா கரிச்சான் கத்தினதுக்கெல்லாம் மறுபடி சிகப்பு எரியும். ரெண்டே நாள்ல எவனும் அதைப் பார்க்க மாட்டான். பெட்டியை அணைச்சா, ஒரு காவலும் இல்லை." அவன் யோசித்தான். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். திங்கக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசுவோம். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. சொன்னா, அந்தப் பொம்பளை விஷயத்துல நீ என்ன சொன்னேங்கறதும் வெளிய வரும். அதை மட்டும் யோசிச்சுக்கோ."

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யை அவள் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்தாள். பயந்து சொன்னதா, களைத்துச் சொன்னதா? இரண்டும் இல்லை. தைனேஸின் முகத்துக்கு முன்னால் நின்று நான் பொய் சொன்னேன் என்று சொல்வதைவிட, திங்கட்கிழமை வரை சிறுத்தை வராது என்று நம்புவது எளிதாக இருந்தது.

---

ஞாயிற்றுக்கிழமை மாலை மூடுபனி இறங்கியது. தேயிலைச் சரிவில் நிழலுக்கு நின்ற மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வசுமதி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் வேறு வேலை செய்யவில்லை.

ஓடைக்கு அப்பால் இருந்த பெட்டியில் ஒரு குறிப்பு வந்தது. கருமந்தி, சிறுத்தைக் குரல். எந்திரம் கேட்டது. காடு பதில் சொன்னது. மறுக்கப்பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, ஓடைக்கு இப்பால் இருந்த பெட்டி. மலையணில். மறுக்கப்பட்டது.

அடுத்தது கல்லித்தி மரம். மறுக்கப்பட்டது.

திரையில் அந்தச் சொல் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட லயத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அது நடந்து வந்துகொண்டிருந்தது. கடைசியாக விழுந்தது வெடிப்பலா மரத்துப் பெட்டி. அந்த மரத்துக்கும் பிள்ளைகள் விளையாடும் மேட்டுக்கும் நடுவே நாலு வரிசைத் தேயிலைதான் உண்டு.

நாற்காலி விழுந்தது அவளுக்குக் கேட்கவில்லை. வெளியே ஓடினாள்.

மேட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பனிக்குள் சட்டைகளின் நிறம் மட்டும் அசைந்தது. தேயிலையை ஒட்டி, கடைசியில், பொழிலின் மஞ்சள் ஸ்வெட்டர்.

"பொழில்! சிறுத்தை! ஓடி வா! சிறுத்தை வருது!"

லயத்து வாசல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கையில் கரண்டியோடு தைனேஸ் வந்தாள். முதலில் அவள் பார்த்தது முனையில் இருந்த விளக்கை.

"லைட்டு பச்சையாத்தான இருக்கு, மேடம்."

"அக்கா, பிள்ளைங்களைக் கூப்பிடுங்க, பெட்டி பொய் சொல்லுது, பொழில், ஓடி வாடி, சிறுத்தை!"

மஞ்சள் ஸ்வெட்டர் திரும்பியது. பனி ஒரு கணம் விலகியதில் மகளின் முகம் தெரிந்தது. சோற்றுக்கு அழைக்கும் அம்மாவைப் பார்க்கும் முகம். சிரித்தாள். நாக்கைத் தட்டினாள்.

ட்டொக். ஹூ, ஹூ.

பக்கத்தில் நின்ற ஜோயல் சொன்னான். இன்னொரு பிள்ளை சொன்னது. ஒரே சிரிப்பு. அவர்கள் தலைக்கு மேல், வெடிப்பலாவின் உச்சியில், மந்திகளும் அதையே சொல்லின. அங்கங்கே கிளைகளில், அவசரமில்லாமல், காடு முழுக்க அந்தக் குரல் பரவிப் போனது. எல்லோரும் எல்லோருக்கும் ஆறுதல் சொல்வதுபோல் இருந்தது. பொய்தான். நீங்கள் பாட்டுக்குத் தின்னுங்கள்.

மேட்டின் ஓரத்தில் தேயிலைச் செடி ஒன்று காற்றில்லாமல் அசைந்து நின்றது.

வசுமதி வாயை மூடிக்கொண்டாள்.

இனி அவள் கத்தக் கத்த மகள் அங்கேயே நிற்பாள் என்று புரிந்தது. சத்தம் போடாமல் ஓடினாள். செருப்பு கழன்றது. சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல், கையைக்கூட ஆட்டாமல், வாய் இறுக மூடியபடி மேட்டில் ஏறினாள்.

பொழில் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை. சொல் இல்லாத அம்மா. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளின் சிரிப்பு நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பிச் செடிகளைப் பார்த்தாள்.

பிறகு அவள் தொண்டையிலிருந்து அது வந்தது. விளையாட்டுக்குச் சொல்லக் கூடாதது.

"க்ராக்! க்ராக்! க்ராக்!"

பிள்ளைகள் யாரும் விளக்கைப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. உதறிவிட்ட மணிகள்போல் லயங்களை நோக்கிச் சிதறினார்கள். மேலே மரம் வெடித்தது. கருமந்திகள் அதே குரலை எடுத்துக்கொண்டன. மலையணில் சேர்ந்துகொண்டது. எங்கோ கேளையாடு குரைத்தது. மூன்று மழைக்காலத்தில் முதல்முறையாகக் காடு ஒரு குரலை நம்பியது. தேயிலைக்குள்ளிருந்து மஞ்சளும் கறுப்புமாக ஒன்று நீண்டு எழுந்து, பிள்ளை ஒரு நொடி முன்பு நின்ற இடத்தில் விழுந்து, அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்து, வந்த வழியே பனிக்குள் போய்விட்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு வசுமதி வாசலில் வந்து விழுந்தபோதுதான் முனையில் இருந்த விளக்கு சிவப்பானது.

---

கொஞ்ச நேரத்தில் லயத்துப் பெண்கள் எல்லோரும் அவள் வீட்டு முன்னால் கூடிவிட்டார்கள். அவரவர் பிள்ளை அவரவர் கைப்பிடியில் இருந்தது. சிவப்பு வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழுந்தது. வசுமதியின் போன் அதிர்ந்தது. கிரிதரன் செய்தி அனுப்பியிருந்தான். 'சிகப்பு வந்திருக்கு பாரு. எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. அவங்ககிட்ட அதை எடுத்துச் சொல்லு.'

போனைக் கவிழ்த்து வைத்தாள். பொழில் மடியில் உட்கார்ந்து அம்மாவின் முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தைனேஸ் முன்னால் வந்தாள். கையில் இன்னும் அந்தக் கரண்டி இருந்தது. விளக்கை ஒரு தடவை பார்த்தாள். பிறகு படியில், வசுமதிக்கு நேர் எதிரே, குந்தி உட்கார்ந்தாள்.

"வசும்மா" என்றாள்.

அந்த அழைப்பைக் கேட்டதும் வசுமதியின் கண்ணில் நீர் முட்டியது.

"சிறுத்தை வந்து போனதுக்கு அப்புறம்தான லைட்டு எரிஞ்சுது. நான் பாத்துக்கிட்டுதான நின்னேன்." தைனேஸ் குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும். எந்தங்கச்சி அந்தக் கல்லைத் தாண்டினாளா?"

மடியிலிருந்து பொழில் நிமிர்ந்து அம்மாவின் வாயையே பார்த்தாள்.

இந்த முறை வசுமதிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. தாண்டவில்லை அக்கா, நான் உங்களிடம் பொய் சொன்னேன். சொற்கள் வரிசையாக, தயாராக இருந்தன. தேடவே வேண்டியதில்லை. ஓடி வந்ததில் வாய் உலர்ந்து போயிருந்தது. பேசுவதற்காக உதட்டைத் திறந்தாள். மேலண்ணத்தோடு ஒட்டியிருந்த நாக்கு பிரிந்தது.

ட்டொக்.

அவள் இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் பின்னால், பனிக்குள் மறைந்த வெடிப்பலாவின் உச்சியிலிருந்து, கிழட்டு மந்தி நிதானமாகப் பதில் சொன்னது.

ஹூ, ஹூ.